போரில் தெளித்த நஞ்சு, தோட்டத்தில் அடித்த மருந்து: இழப்பீடு யாருக்குக் கிடைக்கிறது?

வியட்நாம் போருக்குப் போய் வந்த ஓர் அமெரிக்கச் சிப்பாய்க்கு முதுமையில் நீரிழிவு நோய் வந்தால், அது போரில் தெளிக்கப்பட்ட களைக்கொல்லியால் வந்தது என்றே அந்நாட்டுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. மருந்து தன் மேல் பட்டதை அவர் நிரூபிக்கத் தேவையில்லை. அந்தக் காலத்தில் அந்த நாட்டில் பணியில் இருந்தார் என்ற பதிவேடு போதும். மாதாந்திர உதவித்தொகைக்கும் மருத்துவத்துக்கும் அவர் விண்ணப்பிக்கலாம்.

நம் தோட்டங்களில் இருபது முப்பது ஆண்டுகள் முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடித்த பெண்களை நினைத்துப் பாருங்கள். தோட்டம் விற்கப்பட்டு, இன்று கிள்ளானிலோ பூச்சோங்கிலோ அடுக்குமாடியில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். நுரையீரல் கோளாறோ நரம்புத் தளர்ச்சியோ வந்தால் அது வேலையால் வந்தது என்று காட்ட அவர்களில் பலரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

போர்க்கால நஞ்சின் கதை வியட்நாமுக்கு முன்பே நம் மண்ணில்தான் தொடங்கியது. அந்தக் கதையையும், பிற நாடுகளில் பாதிக்கப்பட்டவர்கள் எப்படி இழப்பீடு பெற்றார்கள் என்பதையும், நம் சட்டம் நமக்குத் தரும் வழியையும் இங்கே பார்ப்போம்.

மலாயாவில் நடந்த முதல் தெளிப்பு

1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 ஜூலை வரை நீடித்த அந்தக் காலத்தில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போகாமல் தடுப்பதே பிரிட்டிஷ் ஆட்சியின் முக்கிய உத்தி. அதற்காகக் கிராமப்புறச் சீனர்கள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களும் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன.

இதே காலத்தில் களைக்கொல்லியும் போர்க்கருவி ஆனது. 1952 ஜூன் முதல் அக்டோபர் வரை, பதுங்கித் தாக்க வசதியான சாலையோரங்களில் சுமார் 1,250 ஏக்கர் செடி கொடிகள் மீது இலையுதிர்ப்பு மருந்து தெளிக்கப்பட்டது. கையால் வெட்டுவதே போதும் என்று நிபுணர்கள் சொன்னதால் அது நிறுத்தப்பட்டது. 1953இல் ஜெரால்டு டெம்ப்ளர் உயர் ஆணையராக இருந்தபோது தெளிப்பு மீண்டும் தொடங்கியது. இம்முறை இலக்கு, காட்டுக்குள் போராளிகள் பயிரிட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சோளமும். ஹெலிகாப்டர்களும் விமானங்களும் பயன்படுத்தப்பட்டன.

அப்போது பயன்பட்ட மருந்துகளில் ஒன்று டிரையாக்சோன். பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் தயாரித்தது. அதில் இருந்தது 2,4,5-டி என்னும் களைக்கொல்லி. பின்னாளில் வியட்நாமில் தெளிக்கப்பட்ட 'ஏஜென்ட் ஆரஞ்சு' கலவையில் பாதி இதே 2,4,5-டி, மறு பாதி 2,4-டி.

1961 நவம்பரில் வியட்நாமில் களைக்கொல்லி தெளிப்பது போர்ச் சட்டத்துக்கு உட்பட்டதா என்ற கேள்வி எழுந்தபோது, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் அதிபர் கென்னடிக்கு மலாயாவைத்தான் முன்னுதாரணமாகக் காட்டினார். பிரிட்டன் அங்கே செய்திருக்கிறது, ஆகவே நாமும் செய்யலாம் என்பதே வாதம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

2,4,5-டி தயாரிக்கும்போது டிசிடிடி என்ற டையாக்சின் கழிவாக உருவாகிறது. அளவு மிகச் சிறியது, ஆபத்து பெரியது. அது கொழுப்பில் கரையும். உடலுக்குள் போனால் கொழுப்பில் தங்கிவிடும். உள்ளே போனதில் பாதி வெளியேறவே சுமார் 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக வகைப்படுத்தியது.

இதனால்தான் நோய் உடனே தெரிவதில்லை. இளமையில் பட்டது, பேரப்பிள்ளை எடுக்கும் வயதில் வெளிப்படலாம். அப்போது மருத்துவர் கேட்பது சாப்பாடு, சர்க்கரை, புகை, குடும்ப நோய் பற்றித்தான். முப்பது ஆண்டுகளுக்கு முன் என்ன வேலை செய்தீர்கள் என்ற கேள்வி பெரும்பாலும் வருவதில்லை.

வீரர்களுக்குக் கிடைத்தது எப்படி?

1962 முதல் 1971 வரை அமெரிக்கப் படை வியட்நாமில் 7 கோடி லிட்டருக்கும் அதிகமான களைக்கொல்லியைத் தெளித்தது. ஊர் திரும்பிய வீரர்களுக்குத் தோல் நோயும் புற்றுநோயும் வந்தபோது அரசாங்கம் ஆதாரம் கேட்டது. எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு மருந்து பட்டது? எந்தச் சிப்பாயாலும் சொல்ல முடியவில்லை.

வீரர்கள் நீதிமன்றம் போனார்கள். 1984இல் ஏழு ரசாயன நிறுவனங்கள் 18 கோடி அமெரிக்க டாலர் தர ஒப்புக்கொண்டன. பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அது சிறிய தொகை. உண்மையான திருப்பம் 1991இல் வந்த ஏஜென்ட் ஆரஞ்சு சட்டம். அது நிரூபிக்கும் பாரத்தை நோயாளியின் தோளிலிருந்து இறக்கி வைத்தது. குறிப்பிட்ட காலத்தில் வியட்நாமில் பணியாற்றியவருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால், அது பணியால் வந்ததாகவே கொள்ளப்படும். பட்டியலும் வளர்ந்தது. இரண்டாம் வகை நீரிழிவு, இதய ரத்தக்குழாய் அடைப்பு, பார்க்கின்சன் நோய், புராஸ்டேட் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய், சில வகை ரத்தப் புற்றுநோய்கள் ஆகியவை அதில் உள்ளன. 2022 ஆகஸ்டில் கையெழுத்தான பேக்ட் சட்டம் உயர் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தது. தாய்லாந்துத் தளங்களில் இருந்த வீரர்களுக்கும் உரிமை நீட்டிக்கப்பட்டது.

அதே மருந்து தலையில் விழுந்த வியட்நாமியருக்கு என்ன கிடைத்தது? 2004இல் அவர்கள் நியூயார்க்கில் ரசாயன நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார்கள். 2005இல் வழக்கு தள்ளுபடியானது. மேல்முறையீடும் தோற்றது. 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்துவிட்டது. வியட்நாம் செஞ்சிலுவைச் சங்கத்தின் மதிப்பீட்டில் பாதிக்கப்பட்டோர் 30 லட்சம் வரை.

மலாயாவில் தெளிக்கப்பட்டவர்களுக்காக இப்படி ஒரு சட்டம் பிரிட்டனிலும் வரவில்லை, இங்கும் வரவில்லை. நஞ்சு எல்லார் உடலிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. இழப்பீடு மட்டும், பெயர் பதிவேட்டில் இருந்தவர்களுக்கும், தங்களுக்காகச் சட்டம் எழுதவைக்கும் பலம் இருந்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

இது நமக்குப் புதிதல்ல. சயாம் மரண ரயில் பாதையில் இறந்த நேசநாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு, அவர்களில் நம் தமிழர்களுக்கு, அப்படி ஒரு பெயர்ப் பட்டியல் இல்லை.

தோட்டத்துக்கு வந்த நஞ்சுகள்

போர் முடிந்தாலும் மருந்து போகவில்லை. ரப்பர்த் தோட்டங்களில் லாலாங் புல்லை அழிக்க நீண்ட காலம் சோடியம் ஆர்செனைட் அடித்தார்கள். அது பாஷாண வகை நஞ்சு. ரப்பர் மரத்தில் பால் அதிகம் சுரக்க, 50களிலிருந்து 2,4-டி, 2,4,5-டி கலந்த மருந்தைப் பட்டையில் தடவும் பழக்கமும் வந்தது. போரில் இலை உதிர்க்கப் பயன்பட்டது தோட்டத்தில் பால் கூட்டப் பயன்பட்டது. 70களில் எத்திஃபோன் என்ற வேறு மருந்து அதன் இடத்தைப் பிடித்தது.

60களில் பாராகுவாட் வந்தது. தோட்டங்களில் கிராமோக்சோன் என்ற பெயரில் தெரிந்த மருந்து. இதையும் சந்தைக்குக் கொண்டுவந்தது ஐசிஐ நிறுவனம்தான். பாராகுவாட்டில் டையாக்சின் இல்லை. ஆனால் அதற்கு முறிமருந்தும் இல்லை. வாய்வழியே சிறிதளவு போனாலே நுரையீரல் தழும்பேறி மூச்சு நிற்கும். கையில் தொடர்ந்து பட்டால் நகம் கறுத்து உதிரும், தோல் வெந்துபோகும். சாரல் மூக்கில் ஏறினால் ரத்தம் வரும். பாராகுவாட்டுக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று சில ஆய்வுகள் கூறுகின்றன. அமெரிக்காவில் அதன் அடிப்படையில் ஆயிரக்கணக்கான வழக்குகள் தொடரப்பட்டுள்ளன. உற்பத்தியாளர்கள் அந்தத் தொடர்பை மறுக்கிறார்கள்.

தோட்டங்களில் ஆண்கள் வெட்டு வேலைக்குப் போனபோது மருந்தடிப்பு பெரும்பாலும் பெண்களுக்கே ஒதுக்கப்பட்டது. ஐரின் பெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பும், பினாங்கில் இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் சேர்ந்து இந்தப் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் பூச்சிக்கொல்லி வாரியம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஆனால் 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல்தான். அறிவிப்புக்கும் தடைக்கும் இடையே 17 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த ஆண்டுகளில் அடித்தவர்களுக்கென்று தனி இழப்பீட்டுத் திட்டம் எதுவும் தடையோடு வரவில்லை.

காசர்கோட்டில் பட்டியல் செய்த வேலை

பணம் இல்லாத கிராமத்து மக்களும் இழப்பீடு பெற்றதற்கு நமக்குத் தெரிய வேண்டிய உதாரணம் ஒன்று உண்டு. கேரளத்தின் காசர்கோட்டில் அரசுத் தோட்டக் கழகம் முந்திரித் தோப்புகள் மீது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது. ஊனத்தோடு பிள்ளைகள் பிறந்தன. மக்கள் போராடினார்கள். மருத்துவ முகாம்கள் நடத்தி, ஆளை நேரில் பார்த்து, பாதிக்கப்பட்டோர் பட்டியல் எடுக்கப்பட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் 2010இல் இழப்பீட்டுக்குப் பரிந்துரைத்தது. 2017 ஜனவரி 10 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், பட்டியலில் உள்ள 5,000க்கும் மேற்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் கொடுக்கும்படி கேரள அரசுக்கு உத்தரவிட்டது. அதன் பிறகும் பணம் கைக்கு வர இழுபறி இருந்தது. ஆனாலும் பட்டியல் இருந்ததால்தான் நீதிமன்றத்தால் தொகையைச் சொல்ல முடிந்தது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் வேலையால் வரும் நோய்க்கு முதல் வாசல் பெர்கேசோ, அதாவது நாம் சொக்சோ என்று சொல்லிப் பழகியது. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது இயங்குகிறது. முதலாளி சொக்சோவில் பதிந்திருக்கும் தொழிலாளி, வேலைக் காயத்துக்காக முதலாளி மீது தனியே நட்டஈட்டு வழக்குப் போட இந்தச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே சொக்சோ கோரிக்கையை அலட்சியமாக விட்டால் முதலாளியிடம் வேறு வழியில் கேட்பது கடினம்.

இச்சட்டத்தின் 28ஆம் பிரிவை ஒவ்வொரு தோட்டக் குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களும் அவற்றுக்குரிய வேலைகளும் பட்டியலிடப்பட்டுள்ளன. பாஸ்பரஸ் கலவைகள், ஆர்செனிக், பாதரசம் போன்றவற்றால் வரும் நச்சுப் பாதிப்பும் அதில் அடங்கும். பூச்சிமருந்துகளில் பல பாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தவை. அந்த வேலையில் இருப்பவருக்கோ, வேலையை விட்ட 60 மாதங்களுக்குள், அதாவது ஐந்து ஆண்டுகளுக்குள், அவருக்கோ அந்த நோய் வந்தால், மாறாக நிரூபிக்கப்பட்டால் தவிர, அது வேலையால் வந்த பாதிப்பாகவே கருதப்படும்.

அமெரிக்க வீரர்களுக்குக் கிடைத்த அதே அனுமானம், சிறிய அளவில், நம் சட்டத்திலும் இருக்கிறது. வேறுபாடு இரண்டு. ஒன்று, பட்டியலில் நோயும் வேலையும் இருக்க வேண்டும். இரண்டு, ஐந்து ஆண்டு எல்லை. வீரர்களின் பட்டியலில் உள்ள பல நோய்களுக்கு அப்படிக் கால எல்லை கிடையாது, ஏனெனில் நஞ்சு மெதுவாக வேலை செய்யும் என்பதை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது. மெதுவாக வளரும் நோய்களுக்கு ஐந்து ஆண்டு போதாது. இந்தக் கால எல்லையை நீட்டவும், களைக்கொல்லி நோய்களைப் பட்டியலில் தெளிவாகச் சேர்க்கவும் தொழிற்சங்கங்களும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும் குரல் கொடுக்க இடமிருக்கிறது.

கோரிக்கை ஏற்கப்பட்டால் கிடைப்பவை: மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு, நிரந்தரமாக முழுத் திறனையும் இழந்தால் 90 விழுக்காடு, வேலைப் பாதிப்பால் இறந்தால் மனைவி மக்களுக்குச் சார்ந்தோர் உதவித்தொகை. உடல் முடியாமல் போனதற்கு வேலைதான் காரணம் என்று காட்ட முடியாவிட்டாலும், 60 வயதுக்கு முன் விண்ணப்பித்து, போதிய சந்தாவும் இருந்தால், இயலாமை ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. அதற்குக் காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை.

ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர்களும் கவனிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் வழியே வந்த ஆளுக்கும் சந்தா கட்டும் பொறுப்பைச் சட்டம் முதன்மை முதலாளி மீது வைத்திருக்கிறது. "நீ எங்கள் ஆள் இல்லை" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள்.

2000ஆம் ஆண்டில் வந்த ரசாயனப் பயன்பாட்டு விதிகளும் இருக்கின்றன. மருந்தின் ஆபத்தை முதலாளி மதிப்பிட வேண்டும், தொழிலாளிக்குப் பயிற்சி தர வேண்டும், தேவைப்படும் மருந்துகளுக்கு உடல் பரிசோதனை செய்ய வேண்டும். அந்த மருத்துவப் பதிவை 30 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. வேலையால் நச்சுப் பாதிப்பு என்று சந்தேகித்தால், முதலாளியும் மருத்துவரும் ஜேகேகேபி எனப்படும் வேலையிடப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

இன்றே எழுதி வைக்க வேண்டியவை

கிள்ளான், காப்பார், பந்திங், கோலசிலாங்கூர் வட்டாரங்களில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் கடை வரிசை நிற்கிறது. கிராணியின் பதிவேடு எங்கே என்று இனிக் கேட்டால் பதில் கிடைப்பது அரிது. ஆனால் மருந்து அடித்தவர்களும் அவர்களோடு வேலை செய்தவர்களும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்.

வேலை செய்த தோட்டத்தின் பெயர், பிரிவு, கம்பெனி, சேர்ந்த ஆண்டு, விட்ட ஆண்டு. மருந்தடிப்பில் இருந்த ஆண்டுகள், வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை பம்பு. மருந்தின் பெயர் நினைவில்லை என்றால் நிறம், மணம், டப்பாவின் அடையாளம். நம் நாட்டில் மருந்து டப்பாவில் நச்சின் அளவை நிறப் பட்டை காட்டும். மருந்தைக் கலக்கியது யார், கையுறை, முகமூடி கொடுத்தார்களா, கை கழுவத் தண்ணீர் இருந்ததா. மூக்கில் ரத்தம், நக உதிர்வு, மயக்கம், கருச்சிதைவு ஏதாவது வந்ததா, எந்த ஆண்டு, எந்தத் தோட்ட மருத்துவமனையில் பார்த்தார்கள். கூட வேலை செய்தவர்களில் சாட்சி சொல்லக்கூடிய இரண்டு மூன்று பேர்.

இவற்றோடு சம்பளச் சீட்டு, ஈபிஎஃப் அறிக்கை, தொழிற்சங்க அட்டை, பழைய எம்.சி. சீட்டு எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். ஈபிஎஃப் கணக்கில் எந்த முதலாளி எந்த ஆண்டு சந்தா கட்டினார் என்பது தெரியும். தோட்டம் மறைந்த பிறகும் நிற்கும் நல்ல ஆதாரம் அது.

மருத்துவரைப் பார்க்கும்போது, கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "இத்தனை ஆண்டு தோட்டத்தில் மருந்து அடித்தேன்." அதை மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி பின்னாளில் மருத்துவ வாரியத்தின் முன் பேசும். சொக்சோ மறுத்துவிட்டால் அதோடு முடிந்துவிடவில்லை. மருத்துவ மேல்முறையீட்டு வாரியமும் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியமும் உண்டு. மறுப்புக் கடிதத்தில் உள்ள காலக்கெடுவைப் பார்த்து, தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உதவியோடு மனுச் செய்யலாம். ஐந்து ஆண்டு எல்லையைத் தாண்டிய முதியவர்களுக்குச் சமூக நலத் துறையின் முதியோர் உதவித்தொகை, மாற்றுத்திறனாளி அட்டை ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். அவை இழப்பீடு ஆகாது, ஆனால் மாதச் செலவுக்கு உதவும்.

இப்போதும் செம்பனைத் தோட்டங்களில் மருந்தடிப்பு நடக்கிறது. அந்தப் பம்பை இன்று வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் சுமக்கிறார்கள். 2019 ஜனவரி முதல் சொக்சோவின் வேலைக் காயப் பாதுகாப்பு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் உண்டு. நம் வீட்டில் மண்டோராகவோ ஒப்பந்தக்காரராகவோ யாராவது இருந்தால், அவர்கள் பெயரையும் அடித்த மருந்தையும் நாள்தோறும் எழுதி வைக்கட்டும். நம் தாய்மார்களுக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை.